மடைக்கரையில் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை

மடைக்கரையில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது. ஒரு தெருவில் என்ன சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிட்டால்தான் அந்தத் தெரு கண்ணுக்குத் தெரியும். சாப்பிடாதவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு மதில் சுவர் தெரியும். சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதியிருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் மன்னார்குடியிலும் நான் பார்க்காத தெருக்கள் இருக்கின்றன.

என் மனைவி இந்திராணி நில அளவைத் துறையில் சர்வேயர். சித்திரையில் அவளுக்கு மடைக்கரைக்கு மாறுதல் வந்தது. நான் மன்னார்குடியில் டிராயிங் மாஸ்டர். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் முதலில் போவது, நான் ஆடியில் போய்ச் சேர்ந்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

அவள் போன கொஞ்ச நாளில் அங்கே அவள் இருந்த வீடு சுருங்க ஆரம்பித்தது. முதலில் கொல்லைப்பக்கம் போனது. அப்புறம் ஊஞ்சல் கொக்கி போனது. ஒற்றை ஆள் இருக்கும் வீடு அப்படித்தான் என்று ஆபீசில் சொன்னார்களாம். இந்திராணி தினமும் டேப் பிடித்து அளந்து போனில் எனக்குச் சொல்வாள். அளவு விஷயத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள்.

நேற்று மத்தியானமும் பேசினோம்.

“ஏங்க, ரெண்டாவது ரூமு உள்ள போய்க்கிட்டிருக்கு.”

“எங்க உள்ள?”

“செவுத்துக்குள்ள.”

“பீரோ?”

“இழுத்து வெளிய வச்சிட்டேன்.”

“நல்லது. சாப்டியா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“ஆச்சு.”

போனில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

“என்ன அது?”

“ரூமு போயிடுச்சு. நாளைக்கு வந்துடுங்க. நாளைக்கும் விட்டா கதவு ஒத்த ஆளுக்கானதா ஆயிடும். அப்புறம் நீங்க வந்தாலும் உள்ள வர முடியாது. நாம ஒரு வீட்டுல இருக்கவே முடியாமப் போயிடும்.”

“வர்றேன். வழி சொல்லு.”

“எந்தக் குழம்பாவது சாப்பிடுங்க. புளிப்புல நேரா வாங்க. உறைச்சதும் திரும்புங்க. கடைசியில வெந்தயம் லேசாக் கசக்கும். அங்கதான் நம்ம வீடு. ஆபீசுல அப்படித்தான் சொல்றாங்க.”

“சரி, வச்சிடட்டுமா?”

“வச்சிடுங்க.”

இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அவசரத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. மடைக்கரை எல்லை வந்ததும் கண்டக்டர் எல்லோரையும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார். வெளியூர் ருசி வெளியே போகக் கூடாதாம். மூடிக்கொண்டோம்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். புடவை மேல் காக்கிச் சட்டை. சட்டையில் 'கனகாம்புஜம்' என்ற பெயர்ப்பட்டை. தோளில் ஒரு கற்றை வாழைநார் தொங்கியது.

“சாப்டாச்சா?” என்று கேட்டார்.

என் வயிறு கூவிக்கொண்டிருந்தது. ஆனால் நான் ஒழுங்காக வளர்க்கப்பட்டவன். கேட்ட உடனே 'இல்லை' என்று சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. முதல் தடவை கேட்டால் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் 'பரவாயில்லை' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், 'இவ்வளவு சொல்றீங்களேன்னு' என்று ஆரம்பித்து உட்கார்ந்துவிடலாம். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் பாட்டுக்கு இலையைப் போட்டுக்கொண்டேதான் கேட்பார்கள். இந்த ஏற்பாட்டில் யாரும் பட்டினி கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

“ஆச்சுங்க,” என்றேன்.

அடுத்த கேள்விக்காக நின்றேன். அது வரவில்லை. அந்த அம்மாள் ஒரு நாரைக் கிழித்து என் மணிக்கட்டில் கட்டினார்.

“இது என்னங்க?”

“சாப்டவங்களுக்குக் கட்டுறது.”

“இல்லீங்க, நான் ஒரு மரியாதைக்குத்தான்...”

“யாருக்கு மரியாதை?”

“உங்களுக்கு.”

“எனக்கு எதுக்கு? நான் சாப்டாச்சு. நகருங்க.”

நகர்ந்தேன்.

வெளியே ஒரே ஒரு தெருதான் தெரிந்தது. மற்ற பக்கமெல்லாம் மதில் சுவர். தெரிந்த தெரு சாப்பிட்டவர்கள் தெரு. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். பெஞ்சு முழுக்க நல்ல உடை உடுத்திய மனிதர்கள். எல்லோர் கையிலும் நார். எல்லோரும் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். பற்களின் நடுவே ஒன்றும் இல்லை. நான் நடக்க நடக்கத் தெரு நீண்டது. ஓரிடத்தில் புதிதாக ஒரு பெஞ்சு முளைத்தது. அதில் ஒரு குச்சி வைத்திருந்தது. எனக்கானது என்று புரிந்தது. உட்காருவதா என்று யோசித்தேன்.

பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டியின் சரிகை கறுத்திருந்தது. பெயர் ஞானப்பிரகாசம் என்றார்.

“நான் இங்க பொண்ணு பாக்க வந்தேன் சார்.”

“எப்பங்க?”

“இப்பதான் அந்தப் பொண்ணு பேரனைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கமாப் போச்சு.”

பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார்.

“சாப்பாடு பலமோ?” என்று கேட்டேன்.

“ஐயோ, இல்லீங்க. சும்மா விட்டுக்குறதுதான். பாக்குறவங்க மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. “உள்ள போகவே முடியாதா?” என்றேன்.

“ரெண்டாவது தடவை கேட்டா இல்லன்னு சொல்லிடலாம்னுதான் உக்காந்திருக்கேன். யாரும் கேக்கல. இந்த ஊர்ல ஒரு தடவை சொன்னா நம்பிடுவாங்க.” இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“நீங்களாப் போய்ச் சொல்லக் கூடாதா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கேக்காம எப்படி சார் சொல்றது?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மதிலுக்கு அப்பாலிருந்து வாசனைகள் ஏறிக் குதித்து வந்தன. கறிவேப்பிலை பொரிகிற வாசனை, கருவாடு சுடுகிற வாசனை. ஓரிடத்தில் கல்லில் புரோட்டா கொத்துகிற சத்தம் கேட்டது. அங்கே சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே மாஸ்டர் பனியனுடன் நின்றார். நார் கட்டிய கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

“ஒரு செட்டு புரோட்டா.”

“கையைக் காட்டுங்க.”

இடது கையைக் காட்டினேன்.

“இன்னொண்ணு?”

“அது சுளுக்கு.”

“சுளுக்கையே காட்டுங்க.”

காட்டினேன். மாஸ்டர் கொத்துவதை நிறுத்தினார்.

“ஏன் சார் இப்படிப் பண்றீங்க? சாப்டவங்களுக்குப் போட்டா கல்லு ஆறிடும். எங்க அப்பா காலத்துலேர்ந்து சூடு குறையாம வச்சிருக்கேன்.”

கல்லைப் பதற்றத்துடன் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொட்டார். பிறகு ஒரு ஈரச் சாக்கை எடுத்து ஓட்டையை அடைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்திராணி இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்குள் போகாவிட்டால் ஆயுசுக்கும் அவளோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது. அதுவும் ஒரே ஒரு மரியாதையான வார்த்தையினால். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது.

தெரு ஓரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை இருந்தது. 'நேற்று மட்டும்' என்று கரியால் எழுதிய பலகை தொங்கியது. உள்ளே மரியபுஷ்பம் என்ற பெண்மணி மண்சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் விற்பது நேற்று வைத்த மீன் குழம்பு. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இன்றைக்கு வைத்ததை அவர் இன்றைக்கு விற்பதில்லை.

வாசலில் நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார்.

“நாரு இருக்கே.”

“இருக்குங்க.”

“எப்பக் கட்டினது?”

“இன்னிக்குத்தான்.”

“நேத்து மத்தியானம் சாப்டீங்களா?”

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வேலை. பட்டினி. போனில் இந்திராணியிடம் மட்டும் 'ஆச்சு' என்று சொல்லியிருந்தேன். இப்போதும் நாக்கு அந்தப் பக்கமே ஓடியது. இழுத்துப் பிடித்தேன்.

“இல்லீங்க,” என்றேன்.

முதல் தடவையிலேயே இல்லை என்று சொன்னது பிறந்ததிலிருந்து இதுதான். காது இரண்டும் சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“அப்ப நேத்து உங்களுக்குப் பாக்கி இருக்கு,” என்றார் மரியபுஷ்பம். “உக்காந்து நேத்தையச் சாப்பிடுங்க. இது மொத நாளு வந்தவங்களுக்குத்தான். நாளைக்கு வந்தா நேத்தும் கையில நாரு இருக்கும். அப்புறம் நான் என்ன பண்ணாலும் நடக்காது.”

அலுமினியத் தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, மேலே ஒரு துண்டு சங்கரா மீனை வைத்தார். ஒரு கவளம் வாயில் போட்டேன். நன்றாக ஊறியிருந்தது. எதிரே இருந்த மதில் சுவர் இல்லை. கையைப் பார்த்தேன். நாரும் இல்லை. மணி பன்னிரண்டு. நேற்று.

மிச்சக் குழம்பையும் கொஞ்சம் சோற்றையும் அவர் ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார்.

“வழியில ருசி விட்டுப்போச்சுன்னா தெரு மறைஞ்சிடும். தொட்டு நாக்குல வச்சிக்குங்க.”

புளிப்பில் நேராக நடந்தேன். புளித் தெரு அகலமானது. வீடுகள் எல்லாம் பழையவை. எதிரே வந்தவர்கள் ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். மாங்காய்த் துண்டு கடிபட்ட இடத்தில் ஒரு தபால் பெட்டி இருந்தது. பூண்டு மசிந்த இடத்தில் பாலர் பள்ளி. நேற்றைய தெருவாகையால் எல்லோரும் நேற்றைய முகத்துடன் இருந்தார்கள். டீக்கடையில் கிடந்த பேப்பர் எனக்கு மட்டும் பழையது.

உறைத்ததும் திரும்பினேன். அங்கே தெரு குறுகி மேடானது. எல்லோரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். ஒருத்தருக்கும் கோபமில்லை. ஊர் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. சின்ன வெங்காயம் இனிக்கிற இடத்தில் ஒரு சந்து பிரிந்தது. புதிதாகக் கல்யாணமானவர்களை அங்கேதான் குடிவைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். நிழலாக இருந்தது. இந்திராணியோடு ஒரு தடவை இங்கே வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ருசி குறையும்போதெல்லாம் வாளிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். தெரு தெளிந்தது. கடைசியில் அடி நாக்கில் லேசாகக் கசந்தது. நின்றேன். எதிரே ஒரு ஒல்லியான வீடு. வாசலில் எங்கள் பீரோ நின்றது.

ஜன்னல் திறந்திருந்தது. இந்திராணி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். இடுப்பில் டேப் செருகியிருந்தாள். இளைத்திருந்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சோற்றுப்பானை அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் மன்னார்குடியிலிருந்து அவள் கொண்டுவந்த பருப்புப் பொடி டப்பா. மூடி திறந்து, டப்பாவும் கவிழ்ந்திருந்தது.

போனில் என் குரல் கேட்டது.

“நல்லது. சாப்டியா?”

“ஆச்சுங்க. நீங்க?”

“ஆச்சு.”

சுவர் ஒரு எட்டு முன்னால் வந்தது. டக். இரண்டாவது அறை போய்விட்டது.

அப்போதுதான் பார்த்தேன். அவள் மணிக்கட்டில் ஒரு நார். காய்ந்து பழுப்பாகியிருந்தது. சித்திரையில் கட்டியது. அவளையும் வாசலில் கேட்டிருக்கிறார்கள். அவளும் ஒழுங்காக வளர்க்கப்பட்டவள். 'ரொம்ப மரியாதையான பொண்ணு' என்று சொல்லித்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். மூன்று மாதமாக இந்த ஊரில் ஒருத்தரும் அவளுக்கு ஒரு வாய் சோறு போடவில்லை. அவள் ஒரு தெருவையும் பார்க்கவில்லை. ஆபீஸ் ஜீப் கொண்டுவிட்ட வீடு, வீட்டுக்கு அடுத்த சுவரில் ஆபீஸ். அவ்வளவுதான். வீடு ஒற்றை ஆளால் சுருங்கவில்லை. அவள் 'ஆச்சு' சொல்லச் சொல்லச் சுருங்கியிருக்கிறது. தினமும் அவளைக் கேட்டவன் நான்தான்.

போனில் அந்த ஆள் வழி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “சரி, வச்சிடட்டுமா?” என்றான். எனக்கு அவன் மேல் கடுங்கோபம் வந்தது. கதவைத் தட்டினேன்.

இந்திராணி காதில் போனுடன் கதவைத் திறந்தாள்.

“நீங்க நாளைக்குத்தானே வரணும்?”

“நாளைக்கு வந்தேன். விடல. அதான் நேத்தே வந்துட்டேன்.”

“லைன்ல நீங்க இருக்கீங்க.”

“வச்சிடச் சொல்லு.”

“வச்சிடுங்க,” என்று போனில் சொன்னாள். கேட்டுவிட்டு, “வச்சிட்டாரு,” என்றாள். பிறகு முகம் மலர்ந்து, “சாப்டீங்களா?” என்றாள்.

“கொஞ்சம். இன்னும் பசிக்குது.”

நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

“நீ சாப்டியா?” என்று கேட்டேன்.

“இப்பதானே சொன்னேன். ஆச்சுங்க.”

பின்சுவர் கூடத்துக்குள் வந்து நின்றது. அலமாரி அவள் முதுகை இடித்தது.

“சாப்டியா?” என்று இரண்டாம் தடவை கேட்டேன்.

தெருவில் சத்தம் நின்றது. எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. ஜன்னல்கள் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார்.

“சார், கேட்டாச்சு. அந்தம்மாவும் பதில் சொல்லியாச்சு.”

“தெரியும்.”

“அப்புறமும் கேக்குறீங்க?”

“கேக்குறேன்.”

கனகாம்புஜம் என் பக்கத்தில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தோளில் நார்க்கற்றை இருந்தது.

“அவங்க சொன்னதை நம்பலையா நீங்க?” என்றார்.

“நம்பல.”

தெருவில் யாரோ “ஐயையோ” என்றார்கள்.

“இந்த ஊர்ல யாரும் யாரையும் நம்பாம இருந்ததில்ல.”

“எங்க ஊர்ல மூணு தடவை கேப்போங்க. முதல் ரெண்டும் கணக்குல வராது.”

கனகாம்புஜம் யோசித்தார். “எனக்குக் கட்டத்தான் தெரியும். அவுக்குறது எப்படின்னு யாரும் சொல்லித் தரல,” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

“பரவால்லீங்க,” என்றாள் இந்திராணி. அது என் இரண்டாம் கேள்விக்கான பதில். அலமாரி இன்னும் ஒரு சாண் நெருங்கியது. இனி உள்ளே அவள் நிற்பதற்கு மட்டும்தான் இடம். நிலைக்கால் இரண்டும் என் தோளை நெருக்கின.

“இந்திரா, நீ சாப்டியா?”

அவள் நாரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இவ்வளவு தடவை கேக்குறீங்களேன்னு சொல்றேன்,” என்றாள். “இல்லீங்க. வந்ததுலேர்ந்து பொடியும் ஊறுகாயுந்தான். அதும் முந்தாநாளு தீந்துடுச்சு. எனக்கு ரொம்பப் பசிக்குதுங்க.”

சொல்லிவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். நார் அவள் கையிலிருந்து கழன்று விழுந்தது. கனகாம்புஜம் குனிந்து அதைப் பொறுக்கி முகர்ந்து பார்த்தார். சுவர் நின்றுவிட்டது. பின்னால் போகவில்லை. நின்றதே பெரிதாக இருந்தது.

அவள் உள்ளே உட்கார, நான் வெளியே உட்கார, தூக்குவாளியை நடுவில் வைத்தேன். அவள் ஒரு கவளம் எடுத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

“ஏங்க, இங்க ஒரு தெரு இருக்கு.”

“ஆமா.”

“மூணு மாசமா நான் இந்த இடத்துல செவுருன்னு குறிச்சிக்கிட்டிருந்தேன்.”

“தெரியுது.”

“எல்லாத்தையும் திரும்ப அளக்கணும்.”

சாப்பிட்டுக்கொண்டே எழுந்து டேப்பை உருவினாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். முதலில் சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள். உறைத்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெங்காயம் வந்தபோது தலையைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தாள்.

“அங்க ஒரு சந்து இருக்குதுங்க.”

“போகலாம்.”

கொல்லைப்பக்கம் திரும்பி வந்த சத்தம் கேட்டது. அதோடு ஊஞ்சல் கொக்கியும் வந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று அப்படி முடிந்தது. காலையில் இந்திராணி தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள். அரை வாளி இருந்தது.

“பஸ் ஸ்டாண்டுக்குப் போகணுங்க,” என்றாள். “இன்னிக்கு நீங்க வர்றீங்க.”

“ஆமா.”

“சாப்பிட்டிருக்க மாட்டாரு.”

“மாட்டான்.”

“கேட்டா ஆச்சும்பாரு.”

“வேற என்ன சொல்வான்?”

நாங்கள் போனபோது பஸ் வந்து நின்றது. அவர் இறங்கினார். நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியாக இருந்தார். தலையை மட்டும் படிய வாரியிருந்தார். கனகாம்புஜம் அவரிடம், “சாப்டாச்சா?” என்று கேட்டார். “ஆச்சுங்க,” என்றார். சொல்லிவிட்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த நிற்பை வேறு யார் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

இந்திராணி போய் அவர் முன்னால் நின்றாள்.

“சாப்டீங்களா?”

“அட, நீ வந்துட்டியா? பரவால்ல, பரவால்ல.”

“ஏங்க, சாப்டீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “இவ்வளவு சொல்றியேன்னு... இல்ல. பசிக்குது.”

கனகாம்புஜம் கிழித்து வைத்திருந்த நாரை என்ன செய்வதென்று தெரியாமல் வாசல் கம்பியில் கட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். பெண்டாட்டி வீட்டு ஒன்றுவிட்ட உறவுக்காரரைப் பார்த்த மாதிரி தலையை அசைத்தார். நானும் அசைத்தேன். இதைப் பற்றி நாங்கள் மேற்கொண்டு பேசிக்கொள்ளவில்லை. அவர் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்று பேரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.

போகிற வழியில் சாப்பிட்டவர்கள் தெரு. ஞானப்பிரகாசம் எங்களைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். என்னை அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நான் இன்னும் அவரோடு பேசவில்லை.

“வாங்க, வாங்க. எல்லாரும் சாப்டாச்சுங்களா?” என்றார்.

“ஆச்சு. நீங்க?” என்றேன்.

“ஆச்சுங்க.” ஒரு ஏப்பம் விட்டார்.

“சாப்டீங்களா?”

அவர் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

“பரவால்லீங்க,” என்றார்.

“ஐயா, நீங்க சாப்டீங்களா?”

“இல்லீங்க,” என்றார் ஞானப்பிரகாசம். யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் கேட்டுவிட்டது. பக்கத்து பெஞ்சில் ஒருவர் பல் குத்துவதை நிறுத்தினார். அதற்கு அடுத்த பெஞ்சிலும் நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். குச்சிகளைக் கீழே வைக்கிற சத்தம் தெரு நெடுகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் ஒழுங்காக வளர்க்கப்பட்டவர்கள்.

தெருவின் முடிவு எனக்குத் தெரியவில்லை. இந்திராணி அதைக் கண்ணால் அளந்தாள். எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். பஸ்ஸில் வந்தவர் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“இடது பக்கம் நான் பாத்துக்குறேன்,” என்றாள் இந்திராணி. “நீங்க ரெண்டு பேரும் வலது பக்கம்.”

வலது பக்கம் முதல் பெஞ்சில் ஒரு அம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து, “சாப்டீங்களா?” என்று கேட்டேன்.

“ஆச்சு தம்பி,” என்றார். அவர் கண் வாளியின் மேல் இருந்தது.

மறுபடியும் கேட்டேன்.